லேப்டாப்பில் செங்கல், கையில் அரக்கு: திரையை அளந்து திருத்துறதுல பலன் உண்டா?

8 ஜூன் 2024. வந்த கேள்வி

"சேலத்துல இருந்து வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாகிராம்லயும் பட்டுச் சேலை விக்கிறேன். போன மாசம் மூணு சேலை திரும்பி வந்துடுச்சு. மூணுக்கும் ஒரே காரணம், 'கலர் வேற'. என் லேப்டாப்ல பக்கத்துல வச்சுப் பாத்தா சேலையும் படமும் ஒண்ணாத்தான் தெரியுது. திரையைக் கேலிபரேட் பண்ணணும், அதாவது நிறத்தை அளந்து திருத்தணும், அதுக்கு நிறம் அளக்குற மீட்டர் வாங்கணும், 15,000 ரூபாய்க்கு மேல ஆகும்னு தெரிஞ்ச தம்பி சொல்றாரு. வாங்குறவங்க எல்லாம் அவங்கவங்க போன்ல பாக்குறாங்க. என் திரையை மட்டும் சரிபண்ணி என்ன ஆகப்போகுது? வீண் செலவுதானே?"

8 ஜூன், இரவு 11.20

வீண் செலவு இல்லக்கா. காஞ்சிபுரத்துல சேலைப் படம் எடுத்துக் குடுக்குறதுதான் என் பொழைப்பு, அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் கல்யாண ஆல்பம் டிசைன். அந்த உரிமையில சொல்றேன்.

உங்க திரையில சேலையும் படமும் ஒண்ணாத் தெரியுதுங்கிறதுதான் வில்லங்கமே. திரை கொஞ்சம் நீலம் அடிக்குதுன்னு வைங்க. படம் நீலமாத் தெரியும், நீங்க உக்காந்து மஞ்சளை ஏத்துவீங்க. திரையோட நீலமும் நீங்க ஏத்தின மஞ்சளும் கழிஞ்சு உங்க கண்ணுக்குச் சரியாயிடும். ஆனா திரையோட நீலம் உங்க வீட்டுலயே நின்னுடும். வாங்குறவங்களுக்குப் போறது நீங்க ஏத்தின மஞ்சள் மட்டும்தான்.

மீட்டர் வாங்குங்க, அரை மணி நேரம் ஓட விடுங்க, முடிஞ்சுது கதை.

9 ஜூன், காலை 6.50

முடிஞ்சுது கதைன்னு எழுதிட்டுப் படுத்தேன், தூக்கம் வரல. என் பழைய லேப்டாப் ஞாபகம் வந்துடுச்சு.

2019ல வாங்கினது. பெட்டியில ஃபுல் எச்டி, ஐபிஎஸ்னு பெருசு பெருசாப் போட்டிருந்துச்சு. மீட்டர் வச்சு அளந்தா எஸ்ஆர்ஜிபி-யில 59 சதவீதம். எஸ்ஆர்ஜிபி-ங்கிறது எச்பி-யும் மைக்ரோசாஃப்ட்டும் 1996ல முன்வச்சு, 1999ல சர்வதேசத் தரமா ஆன கலர் அளவு. போன், பிரவுசர், வாட்ஸ்அப் படம் எல்லாம் பெரும்பாலும் அதுக்குள்ளதான் ஓடுது. அந்த அளவை ஒரு பெட்டின்னு வச்சுக்கிட்டா, அதுக்குள்ள இருக்குற நிறத்துல நாப்பது சதவீதம் என் திரையால காட்டவே முடியல.

கேலிபரேஷன் என்ன பண்ணும்னா, இருக்குற மூணு விளக்கையும், அதாவது சிவப்பு, பச்சை, நீலத்தை, ஒழுங்கா நிறுத்தும். இல்லாத சிவப்பைக் கொண்டுவராது. அந்தப் பேனலோட உச்சச் சிவப்பே ஆரஞ்சுப் பக்கம் சாஞ்ச சிவப்பு. அரக்குச் சேலையை அதுல எப்படித் திருத்தினாலும் சூளையில இருந்து இறக்கின செங்கல்தான். தலைப்புல போட்டது அந்தக் கதைதான். அதுக்கு மீட்டர் வாங்கிக் கட்டினாலும் செங்கல்தான்.

அதனால நேத்துச் சொன்னதுல ஒரு வரி சேத்துக்கோங்க: முதல்ல திரை எந்த ரகம்னு பாருங்க. அப்புறம் மீட்டர்.

9 ஜூன், மதியம்

"எந்த ரகம்னு எப்படிப் பாக்குறது?"ன்னு ரெண்டு பேர்.

விவரத் தாள்ல "45 சதவீதம் என்டிஎஸ்சி"ன்னு இருந்தா கலர் வேலைக்கு வேண்டாம். என்டிஎஸ்சி 1953ல அமெரிக்க டிவிக்கு வச்ச அளவுகோல், இன்னும் அதையே அச்சடிச்சுட்டு இருக்காங்க. "72 சதவீதம் என்டிஎஸ்சி"ன்னா கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி, தாராளமாப் போதும். ஒண்ணுமே போடலைன்னா 45னு எடுத்துக்கோங்க. நல்லதா இருந்தா போடாம விடுவாங்களா?

இன்னொரு சோதனை காசே இல்லாம. சாம்பல் நிறப் படம் ஒண்ணை முழுத்திரையில திறந்து மூடியை ஒரு விரக்கடை முன்ன பின்ன சாய்ங்க. மேல கருத்து, கீழ வெளுத்துன்னு மாறினா அது பழைய டிஎன் ரகம். உங்க தலை எந்த உயரத்துல இருக்கோ அதுதான் அன்னைக்குக் கலர். நிமிந்து உக்காந்தா ஒரு அரக்கு, சாஞ்சு உக்காந்தா இன்னொரு அரக்கு.

14 ஜூன், இரவு

எப்படி அளக்குறதுன்னு கேட்டதுக்கு. இப்போ வச்சிருக்குற ரெண்டாவது லேப்டாப்ல நான் பண்றது இது.

மீட்டர்ங்கிறது வாலோட ஒரு குண்டு எலி மாதிரி இருக்கும். வயித்துல சென்சார். ஒயர்ல ஒரு எடைக்கட்டி இருக்கும், அதைத் திரைக்குப் பின்னாடி தொங்கவிட்டா எலி முன்பக்கம் ஒட்டிக்கும். திரையை நல்லா மல்லாத்துங்க, இல்லைன்னா அடியில வெளிச்சம் புகுந்துடும். நான் ஃபேனையும் நிறுத்திடுவேன், ஆடுதுங்கிறதுக்காக. ஜூன் மாசக் காஞ்சிபுரத்துல ஃபேன் இல்லாம முக்கால் மணி நேரம். தொழில் பக்தின்னா இதுதான்.

திரை ஓட ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆகியிருக்கணும். பின்விளக்கு சூடேறி ஒரு நிலைக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். சார்ஜர் சொருகி இருக்கணும். தானா வெளிச்சம் கூட்டிக் குறைக்கிற வசதி, ராத்திரி மஞ்சளாக்குற வசதி, எச்டிஆர் எல்லாத்தையும் அணைச்சுடணும். நான் குறிவைக்கிறது வெள்ளைக்கு 6500 கெல்வின் (எண் ஏறினா நீலம், இறங்கினா மஞ்சள்), காமா 2.2 (கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல வெளிச்சம் ஏறுற விதம்), வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா. ராத்திரி மட்டுமே வேலை பாக்குறவங்க 100க்கு இறக்கிக்கலாம். கடையில லேப்டாப்பை ஓடவிட்டு வச்சிருப்பாங்களே முழு வெளிச்சத்துல, அது பெரும்பாலும் இதுக்கு ரெண்டு மடங்கு இருக்கும்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். கிரேம் கில் எழுதின ஆர்கில், அதுக்கு மேல ஃப்ளோரியன் ஹோக் பண்ணின டிஸ்ப்ளேகால், ரெண்டும் இலவசம். ஒண்ணொண்ணா நிறக் கட்டம் திரையில மாறி மாறி வரும், எலி ஒவ்வொண்ணையும் மோந்து பாக்கும்.

கடைசியில கையில ரெண்டு சமாச்சாரம் கிடைக்கும். ஒண்ணு, கிராபிக்ஸ் கார்டுல ஏறி உக்காந்து வெள்ளையையும் சாம்பலையும் நிமித்துற வளைவு. இன்னொண்ணு, "இந்தத் திரையோட சிவப்பு இப்படி, பச்சை இப்படி"ன்னு எழுதி வச்ச ப்ரொஃபைல். முதல்து எல்லாத்துக்கும் வேலை செய்யும். ரெண்டாவதை ஃபோட்டோஷாப், லைட்ரூம் மாதிரி கலர் தெரிஞ்ச மென்பொருள்தான் படிக்கும். டெஸ்க்டாப் படம் அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. "கேலிபரேட் பண்ணியும் ஒரே படம் ரெண்டு மென்பொருள்ல ரெண்டு மாதிரி தெரியுது"ன்னு வர்ற புலம்பலுக்கு முக்காவாசிக் காரணம் இதுதான்.

என் கணக்கு: அளக்குறதுக்கு முன்னாடி வெள்ளை 7400 கெல்வின், அதாவது நல்ல நீலம். சராசரி டெல்டா ஈ 5.8. பண்ணினதுக்கு அப்புறம் 6480, டெல்டா ஈ 0.9. டெல்டா ஈ-ன்னா இருக்க வேண்டிய நிறத்துக்கும் இருக்குற நிறத்துக்கும் நடுவுல உள்ள தூரம். ஒண்ணுக்குக் கீழ போனா கண்ணுக்குப் பிடிபடாது. மூணைத் தாண்டினா ரெண்டையும் பக்கத்துல வச்சா தெரிஞ்சுடும்.

15 ஜூன்

மேல "ராத்திரி மஞ்சளாக்குற வசதியை அணைச்சுடணும்"னு அவ்வளவு கெத்தா எழுதினவன், போன வருஷம் ஒரு கடைக்கு நாப்பது சேலையை அது ஓடிட்டு இருக்குறப்பவே திருத்திக் குடுத்தவன். சாயங்காலம் ஆறு மணிக்குத் தானா ஆரம்பிச்சிருக்கு. நான் மஞ்சளைக் குறைச்சு, குறைச்சு, குறைச்சு... காலையில திறந்து பாத்தா நாப்பதும் பிணத்துக்குப் போத்தின மாதிரி நீலம் பூத்துக் கிடக்கு. கடைக்காரர் நல்ல மனுஷன், "என்ன தம்பி, எல்லாம் குளிர் பிரதேசத்துல எடுத்தீங்களா"ன்னு மட்டும் கேட்டாரு.

22 ஜூன்

"இருபது வருஷமா கண்ணால பாத்தே பண்றேன், மீட்டர் எதுக்கு?"ன்னு கேட்ட அண்ணனுக்கு.

கண்ணைக் குறை சொல்லல அண்ணே. அது ரொம்பக் கெட்டிக்காரக் கண்ணுங்கிறதுதான் தகராறு. குண்டு பல்பு வெளிச்சத்துலயும் வெயில்லயும் வேட்டியை வெள்ளைன்னுதான் சொல்லும். பத்து நிமிஷம் ஒரு திரையைப் பாத்தா அந்தத் திரையோட வெள்ளைக்குப் பழகிடும். 2015 பிப்ரவரியில ஒரு கவுன் படம் உலகம் பூராச் சுத்துச்சே, நீலம் கறுப்பா, வெள்ளை தங்கமான்னு வீட்டுக்கு வீடு சண்டை. கவுன் உண்மையில நீலமும் கறுப்பும். ஒரே திரையை ரெண்டு பேர் ஒண்ணாப் பாத்தும் ஒத்துவரல. எங்க வீட்டுல நான் தங்கக் கட்சி, இன்னும் கேலி ஓயல.

மீட்டர் இல்லாதவங்களுக்கு விண்டோஸ்ல இருக்குற கருவியை ஓட்டிப் பாருங்க. தேடுற பெட்டியில டிசிசிடபிள்யூ-ன்னு நாலு ஆங்கில எழுத்தை அடிச்சா வரும். காமா, வெளிச்சம், சாம்பல்ல இருக்குற சாயல், இதெல்லாம் ஓரளவு பிடிபடும். கறுப்புல இருக்குற மடிப்பு தெரியுதான்னு பாக்குறதுக்கு அது நல்லாவே உதவும். வெள்ளை எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்கிறதை மட்டும் கண்ணால அதுல பிடிக்க முடியாது. என்னால முடியல.

3 ஜூலை

இந்த இழையில நான் முதல்ல எழுதியிருக்க வேண்டியதை இப்பத்தான் எழுதுறேன். திரையைப் பத்தி மூணு வாரமாப் பேசிட்டு இருக்கோம், சேலை மேல விழுற வெளிச்சத்தைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. நானும் சொல்லல.

எங்க வீட்டு மாடி அறைதான் என் ஸ்டூடியோ. சுவருக்கு பிஸ்தாப் பச்சை டிஸ்டெம்பர், அப்பா அடிச்சது. திரையை அளந்து, கேமராவுல ரா-வா, அதாவது கேமரா தானாத் திருத்தாத படமா எடுத்து, எல்லாம் சரியாப் பண்ணியும் சந்தன நிறச் சேலை மட்டும் மடிப்புக்குள்ள பாசி பிடிச்ச மாதிரி வரும். கிரே கார்டு, அதாவது எந்தச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை, வச்சு எடுத்துப் பாத்தேன். சிவப்பு, பச்சை, நீலம் மூணு எண்ணும் ஒண்ணா இருக்கணும், எனக்கு 118, 127, 115. சுவர்ல பட்டுத் திரும்புற வெளிச்சம் பச்சை. படம் முழுக்க வெள்ளையைச் சரிபண்ற ஒயிட் பேலன்ஸ்ல அதைக் கழிச்சா கார்டு சரியாயிடுச்சு. ஆனா சேலையில சுவரைப் பாத்த மடிப்புல பச்சை நிக்குது, ஜன்னலைப் பாத்த மடிப்பு ரோஸ் அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. ஒரே படத்துக்குள்ள ரெண்டு வெளிச்சம். எந்தக் கேலிபரேஷனும் இதைத் தொட முடியாது.

பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு வெள்ளைத் தெர்மாகோல் ஷீட்டை நிறுத்தினேன். தீந்துபோச்சு. மீட்டர் விலைக்கு முன்னாடி தெர்மாகோல் விலையை நினைச்சு அன்னைக்கு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

அடுத்தது விளக்கு. எல்இடி பெட்டியில சிஆர்ஐ 80னு போட்டிருக்கும். வெயில்லயோ குண்டு பல்புலயோ தெரியுற நிறம் அந்த விளக்குல எவ்வளவு உண்மையாத் தெரியும்ங்கிற மார்க், நூத்துக்கு. அந்த மார்க் எட்டு வெளிறின நிறத்தை வச்சு எடுக்குற சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டுல கிடையாது. அது ஒன்பதாவது, ஆர்9னு தனியா நிக்கும். அதனால 80 மார்க் வாங்கின விளக்கு அடர் சிவப்புல கிட்டத்தட்ட முட்டை வாங்கியிருக்கலாம். அரக்கு, குங்குமச் சிவப்பு, மிளகாய்ப்பழ நிறம், நம்ம கல்யாணச் சேலை பூரா அந்த ஒன்பதாவதுலதான் இருக்கு. விளக்குல சிவப்பே இல்லைன்னா சேலை எதைத் திருப்பிக் குடுக்கும்? 95க்கு மேல சிஆர்ஐ, ஆர்9 எவ்வளவுன்னும் போட்டிருக்குற விளக்கா வாங்குங்க. இல்லைன்னா நேர் வெயில் படாத வடக்கு ஜன்னல், காலையில பத்து மணிக்கு. அதுக்குக் காசே இல்லை.

வீட்டுக்காரம்மா இதைப் படிச்சுட்டு, "இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இவ்வளவு நாளாச்சா"ன்னாங்க. மேட்சிங் சென்டர்ல ஜாக்கெட் துணி எடுக்குறப்போ பாத்திருப்பீங்க. டியூப்லைட்டுக்கு அடியில சேலையும் துணியும் ஒட்டிப்பிறந்த மாதிரி இருக்கும். வாசல்ல வெயிலுக்குக் கொண்டுவந்தா ஒண்ணு மெரூன், ஒண்ணு காப்பிப்பொடி. ரெண்டு சாயமும் வேற வேற. அந்த ஒரு விளக்குலதான் ரெண்டும் ஒத்துப்போகுது. கலர்க்காரங்க இதை மெட்டமரிசம்னு பேர் வச்சு அழைக்கிறாங்க. எங்க அம்மா பேர் ஒண்ணும் வைக்காம, கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் கேக்காம, துணியைத் தூக்கிட்டு வாசலுக்கு நடந்துடுவாங்க.

4 ஜூலை

அடர் சிவப்பு விஷயத்துல ஒரு அண்ணன் சரியாவே பிடிச்சாரு: "80 மார்க் விளக்கு எல்லாமே மோசமா?" இல்லை. ஆர்9 நல்லா இருக்குற 80ம் கிடைக்கலாம், பெட்டியைப் பாத்துச் சொல்ல முடியாதுங்கிறதுதான் நான் சொல்ல வந்தது.

19 ஜூலை

ஆடி பிறந்துடுச்சு, தள்ளுபடிப் படம் மலையாக் குவியுது. நடுவுல ஒரு பாவமன்னிப்பு.

14 ஜூன்ல "டெல்டா ஈ 0.9"னு பெருமையா எழுதினேனே, அது பொய்க்கணக்கு. வேணும்னு சொன்ன பொய் இல்லை. அளக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிஸ்ப்ளேகால் "கரெக்ஷன்"னு ஒண்ணு கேக்கும், அதாவது உங்க திரையோட பின்விளக்கு எந்த வகை. நான் வழக்கம்போல "ஒயிட் எல்இடி"ன்னு குடுத்துட்டேன். இந்த லேப்டாப்போ பி3ன்னு சொல்ற அகலமான கலர் காட்டுற ரகம். அதோட விளக்குல சிவப்பு வெளிச்சம் குடுக்குற பூச்சு, பாஸ்பர்னு சொல்றது, அதுவே வேற, அதுக்கு பட்டியல்ல தனியா ஒரு வரி இருக்கு. எலியோட சென்சார் நம்ம கண்ணு மாதிரியே பாக்குறது இல்லை, கிட்டத்தட்டத்தான் பாக்கும். மிச்சத்தை அந்தக் கரெக்ஷன்தான் ஈடுகட்டுது. தப்பான வரியைக் குடுத்தா அது தப்பா அளந்து, தப்பாத் திருத்தி, அதே தப்பு அளவுகோலால திரும்ப அளந்து நூத்துக்கு நூறு போட்டுக்கும். பரிட்சை எழுதினவனே பேப்பர் திருத்தின கதை.

எப்படித் தெரிஞ்சுதுன்னா, ஒரு வெள்ளை ஏ4 தாளை ஜன்னல் ஓரத்துல வச்சுத் திரையோட ஒத்துப் பாத்தேன். திரை வெள்ளை லேசா ரோஸ் அடிக்குது. 22 ஜூன்ல கண்ணை நம்பாதீங்கன்னு அண்ணனுக்கு வகுப்பெடுத்தவனைக் கண்ணுதான் காப்பாத்துச்சு. அண்ணே, பாதி வாபஸ்.

சரியான வரியைக் குடுத்துத் திரும்ப ஓட்டினேன். இப்போ 1.2. போன தடவையைவிட எண் மோசம், திரை நல்லா இருக்கு.

20 ஜூலை

பி3 திரை வச்சிருக்கவங்களுக்கு: கலர் தெரியாத மென்பொருள்ல படத்தைத் திறந்தா எல்லாச் சிவப்பும் எரியும். அதைப் பாத்துட்டுக் கலரைக் குறைக்காதீங்க. படத்துல தப்பில்லை.

அதே மாதிரி, திருத்தின படத்தை மென்பொருள்ல இருந்து வெளிய எடுக்குறப்போ எஸ்ஆர்ஜிபி-க்கு மாத்தி, ப்ரொஃபைலையும் உள்ளேயே வச்சு அனுப்புங்க. ஒரு தடவை அடோபி ஆர்ஜிபி-யிலயே அனுப்பிட்டேன், 1998ல அச்சு வேலையை மனசுல வச்சு வந்த பெரிய பெட்டி அது. சில போன்ல மாம்பழ மஞ்சள் சேலை பத்து வெளுப்பு கண்ட மாதிரி வந்து நின்னுச்சு.

2 ஆகஸ்ட்

அக்காவோட முதல் கேள்விக்கு வரேன். "வாங்குறவங்க போன்ல பாக்குறாங்க, என் திரை சரியா இருந்து என்ன?" அன்னைக்கு நான் அதுக்குப் பதிலே சொல்லல, வேற எதையோ சொல்லித் தப்பிச்சேன்.

நேத்து ராத்திரி வீட்டுல இருந்த அஞ்சு போனையும் கட்டில்ல வரிசையா வச்சு ஒரே அரக்குச் சேலைப் படத்தைத் திறந்தேன். ரெண்டு போன், நிறத்தைக் கூட்டிக் காட்டுற "விவிட்"ல இருந்துச்சு, அதுல அரக்கு ராணி பிங்க் பக்கம் எகிறுது. அம்மா போன்ல கண் பாதுகாப்புங்கிற பேர்ல எல்லாம் மஞ்சள். மச்சான் போன்ல திரைக்கு மேல ஒட்டின கண்ணாடியே பழுப்பேறிக் கிடக்கு. தம்பி மகன் போன் மட்டும் என் திரைக்குப் பக்கத்துல வந்துச்சு. அதனால அக்கா கேட்டதுல பாதி நியாயம் இருக்கு.

மிச்சப் பாதி இது. அஞ்சும் அஞ்சு பக்கம் சாஞ்சாலும், நடுவுல இருக்குறது அரக்கா இருந்துச்சு. அப்புறம் அதே சேலையை என் பழைய செங்கல் லேப்டாப்ல, கண்ணுக்குச் சரியா வர்ற வரைக்கும் திருத்தி அனுப்பினேன். நானே கூட்டின சிவப்பு அஞ்சு போன்லயும் வழியுது. அஞ்சுல ஒண்ணுகூட அரக்கு இல்லை. மத்தவங்க போனை நம்மால திருத்த முடியாது. நம்ம பங்குத் தப்பை அதுமேல ஏத்தாம இருக்கலாம்.

அதோட ஒரு யோசனை, மீட்டர்ல இருந்து வரல, பூக்காரம்மா கூடையில இருந்து வந்துச்சு. சேலைப் படத்துல ஒண்ணையாவது, சேலைக்குப் பக்கத்துல எல்லாருக்கும் நிறம் தெரிஞ்ச பொருளை வச்சு எடுங்க. எலுமிச்சம்பழம், வாழையிலை, மல்லிப்பூ. போன் மஞ்சள் அடிச்சா மல்லியும் மஞ்சள் அடிக்கும். பாக்குறவங்க கண்ணு தன்னால அதைக் கழிச்சுக்கும். தங்க நகை வேண்டாம், அதோட நிறம் கடைக்குக் கடை மாறுது.

11 ஆகஸ்ட்

"மயில்கழுத்துச் சேலை எவ்வளவு பண்ணினாலும் படத்துல செத்துப்போகுது"ன்னு கேட்டவங்களுக்கு.

அதுக்கு ஒரு நிறம் இருந்தாத்தானே பிடிக்கிறதுக்கு. பாவு, அதாவது நீள நூல், ஒரு நிறம்; ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒரு நிறம். நீலப் பாவுல பச்சை ஊடை ஓடினா, நிக்குற பக்கத்தைப் பொறுத்து நீலமாவும் பச்சையாவும் புரளும். படத்துக்கு இருக்குறது ஒரே ஒரு கோணம். எந்தக் கோணத்துல எடுத்தாலும் வாங்குறவங்க கையில விரிக்கிறப்போ இன்னொண்ணு வரும், "கலர் வேற"ன்னு திரும்பி வரும். இதுக்கு வீடியோதான். முந்தியைக் கையில பிடிச்சு மெல்ல ஆட்டி, பத்து செகண்ட்.

போதாக்குறைக்கு அந்த நீலப்பச்சைப் பக்கம்தான் எஸ்ஆர்ஜிபி ரொம்ப ஒல்லி. அடர்ந்த மயில் நிறத்துல கொஞ்சம் பெட்டிக்கு வெளியவே விழுந்துடும். விழுந்த இடத்துல மடிப்பு, ஜரிகையோட நிழல் எல்லாம் தட்டையா ஒரே பூச்சாயிடும். அங்க கலரைக் கூட்டாம கொஞ்சம் குறைச்சா மடிப்பு திரும்ப வரும். சேலை உயிரோட தெரியுறது மடிப்புலதான்.

கத்தரிப்பூ நிறம் இன்னொரு தலைவலி. கண்ணுக்கு ஊதா, கேமராவுக்கு நீலம். சென்சார் பாக்குற விதமும் நம்ம கண்ணு பாக்குற விதமும் அந்த இடத்துல ஒத்துப்போறதில்லை. 24 கட்டம் போட்ட கலர் அட்டை இருக்கே, 1976ல இருந்து புழக்கத்துல இருக்குறது, அதை முதல் படத்துல வச்சு எடுத்துக் கேமராவுக்கும் ஒரு ப்ரொஃபைல் போட்டா ஓரளவு அடங்கும். மிச்சத்தை நான் கையால, ஊதாவை மட்டும் சிவப்புப் பக்கம் தள்ளி, சேலையை ஜன்னல்ல தொங்கவிட்டுப் பாத்துப் பாத்துத்தான் பண்றேன்.

எம்.எஸ். புளூ சேலைக்குக் கலர் எண் கேட்டிருந்தீங்க. எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டினதால வந்த பேர், அதுவரைக்கும் சரி. எங்க தெருவுல நாலு கடையில எம்.எஸ். புளூன்னு கேட்டா நாலு நீலம் எடுத்துப் போடுவாங்க. எதோட எண்ணைச் சொல்றது?

24 ஆகஸ்ட்

இழைக்குச் சம்பந்தமில்லாத மாதிரி தெரியும், சம்பந்தம் இருக்கு. ஆல்பம் டிசைன் பண்ற தம்பி ஒருத்தர், "ஃபோட்டோ லேப்ல இருந்து அச்சு எப்பவும் இருட்டா வருது, அவங்க மெஷின் சரியில்ல"ங்கிறாரு.

தம்பி, திரை வெளிச்சத்தை எவ்வளவுல வச்சிருக்கீங்க? நான் ஆறு வருஷத்துல முதல் ரெண்டு வருஷம் லேப்காரரோட சண்டை போட்டேன். முழு வெளிச்சத்துல திரையை வச்சுட்டு, மாப்பிள்ளை முகம் பளிச்சுன்னு இருக்கேன்னு படத்தை இருட்டாக்கி அனுப்பியிருக்கேன். காகிதத்துக்குப் பின்னாடி விளக்கு இல்லை. 120 கேண்டெலாவுக்கு இறக்கின அன்னைக்கு முகமெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துச்சு. அச்சைப் பாக்குறதுக்கு உலகத் தரமா வச்சிருக்குறது 5000 கெல்வின் வெளிச்சம், திரைக்கு 6500. ரெண்டையும் பக்கத்துல வச்சு வெள்ளை ஒத்து வரலைன்னு குழம்பாதீங்க. லேப்காரர்கிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேக்கல.

29 செப்டம்பர்

மாசம் ஒரு தடவை அளக்குறேன். இந்தத் தடவை அளந்தா எண்ணெல்லாம் தாறுமாறு, வெளிச்சம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுது. மீட்டர் போச்சுன்னே நினைச்சேன். பழைய மீட்டர்ல பில்டர் ஈரத்துல மங்கிப்போகும்னு வேற கேள்விப்பட்டு, அரிசி டப்பாவுக்குள்ள எல்லாம் போட்டு வச்சேன்.

கடைசியில பாத்தா சார்ஜர் சரியாச் சொருகல. பேட்டரியில ஓடியிருக்கு. பேட்டரியை மிச்சப்படுத்துறதுக்காக கிராபிக்ஸ் மென்பொருள், இருட்டான படம் வந்தா பின்விளக்கைக் குறைச்சு, படத்தோட வெளிச்சத்தை ஏத்திக் காட்டுற வசதி ஒண்ணு வச்சிருக்கு. எலி கறுப்புக் கட்டத்தைப் பாக்குறப்போ ஒரு விளக்கு, வெள்ளைக் கட்டத்துக்கு இன்னொரு விளக்கு. அந்த வசதியைத் தேடிப்போய் அணைச்சேன். அறிகுறி இதுதான்: கறுப்புப் பட்டுல இருந்து வெள்ளைப் பக்கத்துக்கு மாறுறப்போ திரை ஒரு செகண்ட் மெல்ல மூச்சு விடுற மாதிரி வெளிச்சம் கூடும்.

14 ஜூன்ல "சார்ஜர் சொருகி இருக்கணும்"னு எழுதினது யாரு?

6 நவம்பர்

தீபாவளி முடிஞ்சு மூச்சு விட நேரம் கிடைச்சுது. அக்கா மீட்டர் வாங்கலை, வாங்கவும் வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். மாசத்துக்கு ஒரு மணி நேரம் வேலை இருக்குற பொருளை நாலு பேர் சேந்து வச்சுக்கலாம். செப்டம்பர் கடைசியில என்னோடதை கூரியர்ல அனுப்பினேன். அவங்க லேப்டாப் 72 சதவீத ரகம்தான், வெள்ளை மட்டும் 7900 கெல்வின்ல இருந்துச்சாம். அவங்க ஏத்தின மஞ்சளுக்குக் கணக்குச் சரியா வருது. தெர்மாகோல் ரெண்டு, ஜன்னல் ஓரம், எலுமிச்சம்பழம் ஒண்ணு.

தீபாவளி சீசன்ல ஒரே ஒரு சேலைதான் திரும்பி வந்துச்சாம். அதுவும் வந்த செய்தியை அப்படியே அனுப்பினாங்க: "படத்துல இருந்த அதே கலர்தாங்க. நேர்ல பாத்ததுக்கு அப்புறம்தான் அந்தக் கலரே எங்க அத்தைக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சுது."

அக்கா, மீட்டரைத் திருப்பி அனுப்புங்க. வர்ற வாரம் கார்த்திகை முகூர்த்தச் சேலை வருது, இங்க மழை மூட்டத்துல ஜன்னல் வெளிச்சமும் இல்லை. எடைக்கட்டியைத் தனியாக் கழட்டி வைக்காதீங்க, போன தடவை ஒருத்தர் கழட்டி வச்சுட்டு மறந்துட்டாரு, இப்போ அதுக்குப் பதிலா ஒரு பூட்டைத்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கேன். அந்தப் பூட்டும் வரணும், சாவி என்கிட்ட இருக்கு.